அரங்கக் கதவு வரை

மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி. ஃபிரான்சின் ரிவர்ஸ் எழுதி 1993இல் வெளிவந்த ‘எ வாய்ஸ் இன் த விண்ட்’. எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் நல்ல விசுவாசியாக இருந்திருக்க வேண்டும். ஜெபம் வரும் இடங்களிலெல்லாம் அளவுகோல் வைத்துப் பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறார். சில பக்கங்களின் ஓரத்தில் தேதிகூடக் குறித்திருக்கிறார்; அந்தந்த நாளில் அவருக்கு என்ன கவலை இருந்ததோ. ஆனால் ஜூலியா என்ற ரோமானியப் பெண் வரும் பக்கங்களில் ஒரு கோடும் இல்லை. இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு உறைத்தது: இரவு இரண்டு மணி வரை என்னை உட்கார வைத்தவை அந்தக் கோடில்லாத பக்கங்கள்.

விசுவாசத்தை நடுவில் வைத்து எழுதப்படும் சரித்திரக் காதல் நாவல்களைப் பற்றி நிதானமான பேச்சை நான் அதிகம் கேட்டதில்லை. இலக்கிய வாசகர்கள் ‘பிரசங்கம்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சபை வாசகர்கள் ‘ஆசீர்வாதமான புத்தகம்’ என்று சொல்லி மூடி வைக்கிறார்கள். முன்னவர் படிக்காமலே தள்ளுகிறார். பின்னவர் படித்த பிறகும் எடை போட மறுக்கிறார். வாலிபர் கூட்டங்களில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து போகிற புத்தகங்கள் இவை. காதல், கல்யாணம், கடவுள் இந்த மூன்றையும் பற்றி ஒரு பதினெட்டு வயதுப் பெண் எதையெல்லாம் நம்பத் தொடங்குகிறாள் என்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. அதனால்தான் இவற்றை நாவல்களாகவே வைத்து நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

இந்த வம்சம் பழையது. புல்வர் லிட்டனின் பாம்பேய் நாவல் 1834இல் வந்தது. இங்கிலாந்தின் கர்தினால் வைஸ்மன் 1854இல் ‘ஃபேபியோலா’ எழுதினார். லூ வாலஸின் ‘பென்ஹர்’ 1880இல். போலந்துக்காரர் ஹென்ரிக் ஷெங்கியேவிச்சின் ‘குவோ வாடிஸ்’ 1896இல் நூலானது; எழுதியவருக்கு 1905இல் நோபல் பரிசு கிடைத்தது. 1942இல் லாயிட் டக்ளஸின் ‘த ரோப்’. பிறகு 1979இல் ஜேனட் ஓக் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ அமெரிக்கப் புல்வெளிக் குடியேறிகளிடம் கதையைக் கொண்டுபோனது. கிறிஸ்தவப் பதிப்பகங்களுக்கென்று தனியாக ஒரு நாவல் சந்தை விரிந்ததும் அதற்குப் பிறகுதான். ரிவர்ஸ் அந்தச் சந்தையின் பெரிய பெயர். முதலில் பொதுச்சந்தைக்கான காதல் நாவல்களை எழுதிக்கொண்டிருந்தவர். 1980களின் நடுவில் மனந்திரும்பிய பிறகு திசை மாறினார். காதல் கதையை எப்படி ஓட்டுவது என்பது அவருக்கு ஏற்கெனவே கைவந்த வேலை. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவரைப் படிக்க வேண்டும்.

இந்த வகை எழுத்துக்குள் பிறவியிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. காதல் நாவல் வாசகருக்கு ஒரு வாக்கு கொடுக்கிறது: இருவரும் சேர்வார்கள். விசுவாச நாவல் வேறொரு வாக்கு கொடுக்கிறது: நம்பாதவன் நம்புவான். இரண்டு வாக்கையும் ஒரே புத்தகத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கத் தொடங்கும். ‘அந்நிய நுகம்’ என்று சபையில் சொல்வார்களே, அவிசுவாசியோடு பிணைக்கப்படக்கூடாது என்ற விதி, அது கதாநாயகியின் கையில் இருக்கும். அவள் அவனை நேசிக்கிறாள். ஆனால் அவன் விசுவாசிக்காமல் அவள் கழுத்தை நீட்ட மாட்டாள். இப்போது அவன் முழங்கால்படியிட்டால் அது யாருக்காக? கடவுளுக்காகவா, அவளுக்காகவா? மனந்திரும்புதல் கல்யாண வீட்டுக் கதவின் சாவியாக ஆகிவிட்டால் அந்த மனந்திரும்புதலை எந்த வாசகர் நம்புவார்? இந்தக் கேள்விக்கு ஒரு நாவல் என்ன பதில் சொல்கிறது என்பதே என் முதல் அளவுகோல். இரண்டாவது அளவுகோல் இதிலிருந்தே வருகிறது: நம்பாதவனுக்கு அந்த நாவலில் எவ்வளவு இடம்? அவன் பேசும்போது ஆசிரியர் காது கொடுக்கிறாரா?

‘குவோ வாடிஸ்’ முடிச்சை மறைக்கவே இல்லை. மார்கஸ் வினீசியஸ் என்ற ரோமப் பிரபு, பிணைக்கைதியாக ரோமில் வளரும் லிஜியாவை விரும்புகிறான். அவன் விருப்பம் தொடக்கத்தில் அசிங்கமானது. நீரோவின் அதிகாரத்தைப் பயன்படுத்தி அவளை வளர்த்தவர்களின் வீட்டிலிருந்து பிரிக்கிறான்; அவள் ஒளிந்துகொண்டபோது ஆள் வைத்துத் தூக்கிவரப் போகிறான். அவளுடைய காவலன் உர்சுஸிடம் அடிபட்டு, கை ஒடிந்து, அவளோடு இருந்த கிறிஸ்தவர்கள் கையாலேயே காப்பாற்றப்படுகிறான். தான் கொள்ளையடிக்க வந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்துகொண்டு, அவர்கள் தன்னைப் பழிவாங்காமல் கட்டுப்போடுவதைப் பார்க்கிறான். இந்த இடத்தில் ஷெங்கியேவிச் வாதம் எதையும் எடுத்து வைப்பதில்லை. ஒடிந்த கையும் ஒரு குடிசையும் போதுமென்று விடுகிறார். வினீசியஸ் கிறிஸ்துவிடம் வருவது லிஜியா வழியாகத்தான் என்பதை நாவல் ஒளிக்காமல் சொல்கிறது. அவனே அதைத் திரும்பத் திரும்ப ஒப்புக்கொள்கிறான். ஒளிக்காததால் அதை நம்ப முடிகிறது.

ஆனால் அந்த நாவலை உயர்த்துவது வினீசியஸ் இல்லை. அவனுடைய மாமன் பெட்ரோனியஸ். நீரோவின் அரண்மனையில் ரசனைக்கு நீதிபதி. தாசிடஸின் வரலாற்றிலும் வருகிற மனிதர். கடைசியில் மருமகன் அவரைச் சிசிலிக்கு வரச்சொல்லி எழுதும்போது, தன் பல்லக்கைத் தூக்குபவர்களையும் வெந்நீர் போடுபவர்களையும் நீரோவையும்கூட நேசிக்கச் சொல்கிற மார்க்கம் தனக்கு முடியாத காரியம் என்று பதில் எழுதுகிறார். வெறுப்போ ஏளனமோ அதில் இல்லை. தான் யார் என்று தெரிந்தவரின் பதில். பிறகு ஒரு விருந்து வைத்து, நரம்பை அறுத்துக்கொண்டு, யூனிஸ் என்ற பெண்ணோடு சேர்ந்து சாகிறார். ஆசிரியர் ஆழ்ந்த கத்தோலிக்கர். போலந்தை மூன்று பேரரசுகள் பங்கு போட்டிருந்த காலத்தில், விசுவாசத்தையும் நாட்டையும் சேர்த்தே நெஞ்சில் வைத்து எழுதியவர். அப்படிப்பட்டவர் மனந்திரும்பாத ஒருவருக்கு நாவலின் மிக அழகான சாவைக் கொடுத்திருக்கிறார். பெட்ரோனியஸ் ‘இல்லை’ என்று சொல்ல முடிந்ததால்தான் வினீசியஸ் ‘ஆம்’ என்று சொன்னதற்குக் கனம் வருகிறது. அரங்கில் காட்டெருதின் கழுத்தை உர்சுஸ் முறிப்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கடிதம்தான் நினைவில் நிற்கிறது.

ரிவர்ஸின் ரோம் நாவலும் ஏறக்குறைய இதே எலும்புக்கூட்டின் மேல் நிற்கிறது. கி.பி. 70இல் டைட்டஸின் படை எருசலேமை அழிக்கிறது. ஹதஸ்ஸா என்ற சிறுமியின் குடும்பம் பசியிலும் வாளிலும் அழிந்துபோகிறது. அவள் மட்டும் மிஞ்சி அடிமையாக விற்கப்படுகிறாள். தமிழ் வேதாகமத்தில் எஸ்தரின் இன்னொரு பெயராக வரும் ‘அத்சாள்’தான் அவள் பெயர். வலேரியன் என்ற ரோமானியக் குடும்பத்தில் மகள் ஜூலியாவுக்குப் பணிவிடை. மகன் பெயர் மார்கஸ். வினீசியஸுக்கும் அதே முதல் பெயர்.

இந்த முதல் தொகுதியில் ரிவர்ஸ் செய்திருக்கும் நல்ல காரியம், ஹதஸ்ஸாவைப் பயந்தவளாகப் படைத்தது. அவளுடைய தகப்பன், நாயீன் ஊரில் இயேசு உயிரோடு எழுப்பிய விதவையின் மகன். அவர் பயமில்லாமல் தெருவில் நின்று பேசியவர், அதற்காகவே செத்தவர். மகளுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. செத்துப் பிழைத்தவரின் மகளாக இருந்தும் சாவுக்கு நடுங்குகிறாள். வாயைத் திறந்தால் சிங்கத்திடம் போடுவார்கள் என்று பயந்து, தன் விசுவாசத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, இருட்டின பிறகு தோட்டத்துக்குப் போய் மண்டியிட்டு ஜெபிக்கிறாள். மார்கஸ் அவளை முதலில் உண்மையாகக் கவனிப்பது அங்கேதான். எந்தச் சிலையும் இல்லாத வெற்று இடத்தைப் பார்த்து ஒரு அடிமைப்பெண் என்ன பேசுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. காதல் காட்சியும் ஜெபக் காட்சியும் இங்கே ஒன்றாகவே நடக்கின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. அவள் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். பேசப்படுவது கடவுளிடம், கேட்கப்படுவது மனிதனால். இந்த வகை எழுத்தில் இவ்வளவு சரியாக அமைந்த காட்சிகள் அபூர்வம். என் பிரதியில் இங்கே அவள் சொல்லும் வார்த்தைகளுக்கு மட்டும்தான் கோடு இருக்கிறது, அவன் நிற்பதற்கு இல்லை. நான் இருந்திருந்தால் அவன் நிற்கும் வரிக்குத்தான் கோடு போட்டிருப்பேன்.

மார்கஸ் அவளை மணக்கக் கேட்கிறான், அவள் மறுக்கிறாள். அவன் கோபத்தோடு போய்விடுகிறான். பிறகு ஜூலியாவின் சொல்லால் ஹதஸ்ஸா எபேசுவின் அரங்குக்கு அனுப்பப்படுகிறாள். கதவு திறக்கிறது. அவ்வளவு காலமும் நடுங்கியவள் மணல்மேல் நிமிர்ந்து நடக்கிறாள். மார்கஸ் மேலே உட்கார்ந்து பார்க்க நேர்கிறது. அவனுக்கு அவளும் இல்லை, அவளுடைய கடவுளும் இல்லை. முதல் தொகுதியின் காதல் கதை அதோடு முடிந்துவிடுகிறது. காதல் நாவல் கொடுத்த வாக்கை ரிவர்ஸ் இங்கே துணிந்து முறிக்கிறார். பொதுச்சந்தையில் பழகிய கை இப்படி முறித்தது சாதாரண விஷயமில்லை.

1994இல் இரண்டாம் தொகுதி, ‘ஆன் எக்கோ இன் த டார்க்னெஸ்’. வாசகராகிய நமக்கு ஹதஸ்ஸா பிழைத்துவிட்டது தொடக்கத்திலேயே தெரிகிறது. அலெக்சாண்டர் என்ற மருத்துவன் அரங்கிலிருந்து வெளியே இழுத்துப் போடப்பட்டவர்களிடையே அவளைக் கண்டெடுத்துக் காப்பாற்றுகிறான். முகம் சிதைந்து, கால் ஊனமாகி, முகத்திரைக்குள் வேறு பெயரில் வாழ்கிறாள். மார்கஸுக்கு இது தெரியாது. அவள் செத்துவிட்டாள் என்ற நினைப்போடு, அவளைக் காப்பாற்றாத கடவுளிடம் கணக்குக் கேட்பதற்காகவே அவள் பிறந்த தேசத்துக்குப் போகிறான். கலிலேயாவில்தான் மனந்திரும்புகிறான். இங்கே ரிவர்ஸ் அந்தப் பழைய முடிச்சைத் தெரிந்தே அவிழ்க்கிறார். கல்யாணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையே இல்லாத இடத்தில் அவனை மண்டியிட வைக்கிறார். அவன் பெறப்போவது எதுவும் இல்லை. ஆகவே அவன் கையில் சாவியும் இல்லை. ஷெங்கியேவிச்கூட வினீசியஸுக்கு இந்தச் சோதனையை முழுதாக வைக்கவில்லை. இந்த அமைப்பைக் கண்டுபிடித்ததற்காக ரிவர்ஸை மதிக்கிறேன்.

பிறகு, அவிழ்த்ததை அவரே திரும்பக் கட்டுகிறார். மார்கஸ் திரும்பி வருகிறான்; திரைக்குள் இருப்பவள் யாரென்று தெரிகிறது; கல்யாணம் நடக்கிறது. யோபுவுக்குக் கடைசியில் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் திரும்பக் கிடைத்ததுபோல என்று யாராவது சொல்லலாம். யோபு புத்தகத்தைப் படிக்கிறவர்கள் அந்த முடிவில்தான் தடுமாறுகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. அரங்கில் அவள் செத்தது உண்மையான இழப்பாக இருந்தால்தான் மார்கஸின் விசுவாசம் முதல் தொகுதி கேட்ட விலையைக் கொடுத்ததாகும். அவள் உயிரோடு வந்து நிற்கும்போது அந்த விலையில் பெரும்பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. அவளுடைய வடுக்களை ரிவர்ஸ் அழிக்கவில்லை என்பதை நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். நொண்டி நடக்கிறவளாகவே, தழும்போடேதான் அவள் மணப்பெண் ஆகிறாள். அது கொஞ்சம் ஈடுகட்டுகிறது. போதுமான அளவுக்கு இல்லை.

இரண்டாம் தொகுதி இவ்வளவு தளர்ந்தும் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் ஜூலியா. செல்லமாக வளர்ந்தவள். கிடைத்ததையெல்லாம் வேண்டாமென்று, கிடைக்காததை வேண்டுமென்று, ஒரு கணவனிலிருந்து அடுத்தவனுக்குப் போகிறாள். பெற்ற குழந்தையைப் பாறையில் விட்டுவிடச் சொன்னவள். தனக்கு உண்மையாக இருந்த ஒரே ஆளைச் சிங்கத்துக்கு அனுப்பினவள். கடைசியில் நோயில் விழுகிறாள். கூட இருந்தவர்கள் போய்விடுகிறார்கள். திரை போட்ட ஒரு பணிப்பெண் வருகிறாள். புண்ணைத் துடைக்கிறாள், தண்ணீர் கொடுக்கிறாள். அவள் யாரென்று ஜூலியாவுக்குத் தெரியாது. தான் செய்த கொலையை நினைத்து அழும்போது, கொலை செய்யப்பட்டவளின் கையையே பிடித்துக்கொண்டு அழுகிறாள். இந்தக் காட்சியில் ரிவர்ஸ் அவசரப்படவில்லை. ஜூலியா முன்கோபக்காரி, சுயநலக்காரி; சாகும் நேரத்திலும் பாதி அப்படியேதான் இருக்கிறாள். மன்னிப்பைக் கேட்பதற்குக்கூட அவளுக்கு நல்ல வார்த்தைகள் தெரியவில்லை. பெட்ரோனியஸுக்கு ஷெங்கியேவிச் என்ன செய்தாரோ அதற்குப் பக்கத்தில் ரிவர்ஸ் வருகிற ஒரே இடம் இதுதான்: தன் பக்கத்தில் நிற்காத ஒரு ஆளை அவர் முழுதாகக் கேட்கிறார்.

மற்ற நம்பாதவர்களை அவர் கேட்கவில்லை. ஜூலியாவைக் கெடுக்கும் கலபா, அவளுடைய கணவர்களில் ஒருவனான பிரைமஸ் இவர்களெல்லாம் அட்டைப் பொம்மைகள். அவர்களுடைய பாலுறவு நாட்டமே அவர்களுடைய தீமைக்கு அடையாளமாக வைக்கப்படுகிறது. ஒரு மனிதனை வில்லனாக்க வேறு உழைப்பு தேவைப்படாதபோது எழுத்தாளர் சோம்பிவிடுகிறார். ஜூலியாவுக்குக் கிடைத்த பொறுமை கலபாவுக்கும் கிடைத்திருந்தால் அவள் உண்மையிலேயே பயமுறுத்துகிறவளாக இருந்திருப்பாள். இப்போது அவள் வரும் பக்கங்களைப் புரட்டிவிடத் தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. முதல் வாசிப்பில் நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன். ஹதஸ்ஸா அடிமை. அவளுடைய பணிவை நாவல் மீண்டும் மீண்டும் புகழ்கிறது. ஆண்டவருக்குக் கீழ்ப்படிவதும் எஜமானிக்குக் கீழ்ப்படிவதும் ஒரே நூலாகத் திரிக்கப்பட்டு, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகிறது. நம் மொழியில் இறைவனுக்கு ‘அடிமை’ என்று சொல்லிக்கொள்வது பேறு. விலைக்கு வாங்கப்பட்டவளுக்கு அதே சொல் வேறு பொருள். தமிழில் இந்த இரண்டையும் ஒரே வார்த்தையால் சொல்லிப் பழகிய நமக்கு இந்தக் குழப்பம் எவ்வளவு எளிதாக நேரும் என்று தெரியும். ரிவர்ஸின் நாட்டில் பவுலின் நிருபங்களை எடுத்துக்காட்டி அடிமை முறையை நியாயப்படுத்திய பிரசங்கிகள் இருந்தார்கள். அந்த வரலாறு உள்ள ஊரில் எழுதப்பட்ட நாவல், சந்தையில் விற்கப்பட்ட ஒரு யூதப் பெண்ணின் அடிமைத்தனத்தை மனத்தாழ்மையின் பள்ளிக்கூடமாக மட்டும் பார்க்கிறது. அவள் ஒருமுறையாவது தன் நிலையைக் கடவுளிடம் கேள்வியாக வைத்திருந்தால் அவளுடைய பணிவுக்கு இன்னும் பெருமை வந்திருக்கும்.

சரித்திரத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எருசலேம் பகுதி வலுவாக இருக்கிறது. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் 97,000 பேர் சிறைப்பட்டதாகவும், 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் விற்கப்பட்டதாகவும் எழுதிவைத்திருக்கிறார். அந்த எண்ணிக்கைக்குள் ஒரு முகத்தை ரிவர்ஸ் வரைந்திருக்கிறார். எபேசு அரங்கு வேறு விஷயம். 64இல் ரோமில் நீரோ நடத்திய கொடுமைக்கும், சுமார் 112இல் கிறிஸ்தவர்களை விசாரித்தது பற்றி ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்துக்கும் நடுவில், கிறிஸ்தவர்களை விசுவாசத்துக்காகவே மிருகங்களிடம் போடுவது எபேசுவில் வழக்கமாக இருந்தது என்று காட்ட ஆதாரம் போதாது. நாவலுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த நாவல்களைச் சரித்திரமாகவே எடுத்துக்கொண்டு சாட்சி சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொருட்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதே ஆசிரியரின் ‘ரிடீமிங் லவ்’ இன்னும் அதிகம் படிக்கப்படுவது. 1991இல் வந்து, 1997இல் கிறிஸ்தவப் பதிப்பாகத் திருத்தப்பட்டு, 2022இல் படமாகவும் வந்தது. ஓசியா தீர்க்கதரிசியின் கதையை 1850இன் கலிஃபோர்னியா தங்க வேட்டைக்குக் கொண்டுபோகிறது. சிறுமியாக இருக்கும்போதே விற்கப்பட்டு விபசார விடுதியில் வளர்ந்த ஏஞ்சல். அவளை மணக்கச் சொல்லிக் கடவுள் கட்டளையிட்டதாக நம்பும் மைக்கேல் ஹோசியா என்ற விவசாயி. வேதாகமத்தின் ஓசியா புத்தகத்தில் 14 அதிகாரங்கள். அவற்றில் அவருடைய மனைவி கோமேர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவளுக்கு வாய் கொடுத்திருக்கிறார் ரிவர்ஸ். ஏஞ்சலின் வெறுப்பும் அவநம்பிக்கையும் இந்த நாவலின் சொத்து; ஒரு ஆண் அன்பாக இருந்தால் ‘என்ன கேட்கப்போகிறான்’ என்று மட்டுமே யோசிக்கத் தெரிந்த மனம் அது, அதில் ஒரு பொய்யும் இல்லை.

மைக்கேலிடம்தான் நான் நின்றுவிடுகிறேன். அடித்து நொறுக்கப்பட்டு அரை நினைவில் கிடக்கும் பெண்ணிடம் சம்மதம் வாங்கி அவளை மணக்கிறான். அவள் ஓடிப்போகிறாள், போய்க் கூட்டிவருகிறான். கடவுள் தம் ஜனத்தை விடாமல் தேடிப்போவதற்கு இது உருவகம் என்பார்கள். உருவகத்தில் தேடிப்போகிறவர் கடவுள். நாவலில் தேடிப்போகிறவன் தோளில் வலுவுள்ள ஒரு ஆண். கடவுளுக்குள்ள உரிமையை ஒரு புருஷனுக்குக் கொடுத்து, அதைக் காதல் என்று பதினெட்டு வயதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பது அபாயம். போதாக்குறைக்கு அவனிடம் கடவுள் தனி எழுத்தில் நேரடியாகப் பேசுகிறார். சந்தேகம் தீர்ந்த மனிதனிடம் நாவலுக்கு வேலை இல்லை. ரிவர்ஸுக்கே இது உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் ஏஞ்சல் தானாகவே விலகிப் போய், மூன்று ஆண்டுகள் சான் பிரான்சிஸ்கோவில் தன்னைப் போன்ற பெண்களுக்காக ஒரு இல்லம் நடத்துகிறாள்; அப்போது மைக்கேல் தேடிப்போகவில்லை, காத்திருக்கிறான். அந்தக் காத்திருப்பிலிருந்து நாவல் தொடங்கியிருந்தால் எனக்கு எந்த வழக்கும் இருந்திருக்காது.

இவற்றை நிறுத்த பிறகு என் கணக்கு இதுதான். ‘குவோ வாடிஸ்’ நூறு வருஷத்துக்கு மேலாகியும் நிற்பதற்குக் காரணம் அது நம்பாதவனிடமும் அன்பு வைத்தது. ‘ரிடீமிங் லவ்’ ஏஞ்சலுக்காகப் படிக்கலாம்; மைக்கேலை முன்மாதிரியாக யாருக்கும் காட்ட மாட்டேன். ‘எ வாய்ஸ் இன் த விண்ட்’ அடிமைத்தனத்தில் கண்மூடியிருந்தும், கலபாவில் சோம்பியிருந்தும், இந்த வகையில் நான் படித்த அமெரிக்க நாவல்களில் தலையாயது. அதன் தொடர்ச்சி ஜூலியாவின் படுக்கையருகே மட்டும் அதற்குச் சமமாக நிற்கிறது.

1993இல் முதல் தொகுதியை முடித்தவர்கள் அடுத்தது வெளிவரும்வரை, மணலில் விழுந்தவளை விழுந்தபடியே மனதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த நாவல்தான் சரியான நாவல் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் யாராவது கேட்டால் கோடு போட்ட என் பிரதியை மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். இரண்டாவது தொகுதி என் அலமாரியில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் அதைக் கேட்டால் உட்கார வைத்து, அரங்கக் கதவு திறந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று முதலில் கேட்கிறேன்.